நோயாளியைக் கேட்டு நடக்கும் மருத்துவம்

புற்றுநோய்க் கட்டி எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது, எங்கெல்லாம் பரவியிருக்கிறது, மருந்துக்குச் சுருங்குகிறதா என்பதையெல்லாம் ஸ்கேனும் ஆய்வகமும் அளந்து சொல்லிவிடும். நோயாளிக்கு இரவில் தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, அடுத்த கீமோவுக்கு வரப் பஸ் காசு இருக்கிறதா, இனி வரும் நாட்களை எப்படிக் கழிக்க அவர் விரும்புகிறார் என்பதை எந்தக் கருவியும் அளக்காது. அவரைக் கேட்டால்தான் தெரியும். ஸ்கேன் அறிக்கைக்குத் தரும் மதிப்பை இந்தப் பதில்களுக்கும் தந்து, இரண்டையும் வைத்துச் சிகிச்சையைத் திட்டமிடுவதே நோயாளி மையச் சிகிச்சை. ஆராய்ச்சிக்கும் இது பொருந்தும். எந்தக் கேள்வியை ஆராய்வது, எதை வெற்றி என்று கொள்வது என்பதைத் தீர்மானிக்கும்போது நோயோடு வாழ்பவர்களின் குரலும் கேட்கப்பட வேண்டும்.

நோயாளியிடம் கனிவாகப் பேச வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நோயாளி மையச் சிகிச்சை அதற்கும் மேலே போகிறது. நோயாளியைக் கேட்பது, அவர் சொன்னதைப் பதிவது, பதிந்ததன் பேரில் உடனே ஏதாவது செய்வது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். அப்படிச் செய்த இடங்களில் வலி குறைந்திருக்கிறது, தேவையற்ற அறுவை சிகிச்சைகள் நின்றிருக்கின்றன, சில ஆய்வுகளில் ஆயுளும் கூடியிருக்கிறது.

மயக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவு

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு முறையை நிலைநாட்டினார். மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அந்த முறை. புற்று தோன்றிய இடத்திலிருந்து அக்கம்பக்கத்துக்கு ஒழுங்காகப் பரவுகிறது, அகலமாக வெட்டி எடுத்தால் வேரோடு போய்விடும் என்பது அவருடைய கணிப்பு. பிழைத்த பெண்களுக்கு நெஞ்சு குழிவிழுந்தது. பலருக்குக் கை வீங்கியது, தோளை உயர்த்த முடியவில்லை. ஆனாலும் 1970-கள் வரை அமெரிக்காவில் இதுவே வழக்கமான சிகிச்சையாக நீடித்தது.

முடிவு எடுக்கப்பட்ட விதம் இன்னும் கொடுமையானது. கட்டியோடு வரும் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, உறையவைத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தையும் அகற்றிவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்து முன்பே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தனக்கு இருப்பது புற்றுநோயா என்று தெரியாமலே மயங்கிய பெண், விழித்ததும் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துத்தான் விடையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1974-இல் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தன் மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். முதலில் திசுப் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதை நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் கேட்டார். அறுவை மருத்துவர்கள் பலர் மறுத்தார்கள். சம்மதிக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்த அவர், பிறகு மருத்துவ நூலகங்களில் அமர்ந்து படித்து, மறு ஆண்டு ஒரு புத்தகமே எழுதினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி முடிவெடுக்கக் கூட்டிய குழுவில் அவரும் இடம்பெற்றார். பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் தனித்தனிக் கட்டங்களாக நடக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. ஹால்ஸ்டெட் முறை வழக்கமான சிகிச்சை என்ற இடத்தையும் இழந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனேசியும் முறையான ஒப்பீட்டு ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தனர். தொடக்க நிலையில் கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பகத்தை அகற்றினாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றே என்று இருவரின் ஆய்வுகளும் காட்டின. 20 ஆண்டு கண்காணிப்பின் முடிவுகள் 2002-இல் வெளியானபோதும் அந்த உண்மை மாறவில்லை. ஒரு நோயாளி எழுப்பிய கேள்வியும் மருத்துவர்கள் நடத்திய ஆய்வும் ஒரே திசையில் போனதால்தான் லட்சக்கணக்கான பெண்களின் உடல் காப்பாற்றப்பட்டது.

சொல்வதா, மறைப்பதா

நோயாளியைக் கேட்க வேண்டுமானால், நோய் என்ன என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1961-இல் சிகாகோவில் மருத்துவர்களிடம் நடத்திய ஒரு கணிப்பில், ஏறத்தாழ 90 சதவீதத்தினர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் பொதுவாகச் சொல்வதில்லை என்றார்கள். 1979-இல் வெளியான மற்றொரு அமெரிக்கக் கணிப்பில் 97 சதவீதத்தினர் சொல்வதையே விரும்பினார்கள். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் சிகிச்சைகள் பெருகின, நோயாளியின் உரிமை பற்றிய பேச்சும் வலுத்தது. ஒரு தலைமுறைக்குள் மருத்துவர்களின் வழக்கம் தலைகீழானது.

நம் ஊர் மருத்துவமனைகளில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. "டாக்டர், அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாரு" என்று மகனோ மகளோ வராந்தாவிலேயே மருத்துவரை மறித்துச் சொல்வது அன்றாடக் காட்சி. அது பாசத்தில் பிறப்பதுதான். ஆனால் முடி கொட்டுவதையும், கதிர்வீச்சு அறையின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கும் தந்தைக்கு விஷயம் புரியாமல் போவதில்லை. பிள்ளைகள் கலங்கக் கூடாதென்று அவர் தெரியாததுபோல் இருப்பார். அவர் கலங்கக் கூடாதென்று பிள்ளைகள் சிரித்துப் பேசுவார்கள். நிலத்தை யார் பேருக்கு எழுதுவது, பேத்தி கல்யாணத்தை முன்கூட்டி வைப்பதா என்பது போன்று அவரே முடிவு செய்ய வேண்டிய காரியங்கள் அப்படியே நின்றுவிடுகின்றன.

இப்படிப்பட்ட செய்தியைச் சொல்ல மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வழிமுறையை வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோர் 2000-இல் வகுத்து வெளியிட்டார்கள். அதில் 6 படிகள் உண்டு. தொந்தரவு இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசுவது, நோயாளி தன் நிலையை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சிறிது சிறிதாகச் சொல்வது, அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் தருவது, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து திட்டமிடுவது. இவற்றில் மூன்றாவது படி முக்கியமானது. "உங்களுக்கு விவரமாச் சொல்லணுமா, இல்ல பையன்கிட்டப் பேசினாப் போதுமா?" என்ற கேள்விக்கு, "அவன்கிட்டயே பேசிடுங்க" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. தெரிந்துகொள்ளும் உரிமையும், இப்போது தெரிய வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளியின் கையில்தான் இருக்க வேண்டும்.

வழிகள் பலவாக இருக்கும்போது

சில புற்றுநோய்களில் ஒரே நிலைக்கு இரண்டு மூன்று சிகிச்சைகள் சமமான பலன் தருகின்றன. அங்கே எது சிறந்தது என்பதை மருத்துவ அறிவு மட்டும் தீர்மானிக்க முடியாது.

பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்று உள்ள 1,643 ஆண்கள் அதில் மூன்று பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்கு ரத்தப் பரிசோதனைகளோடு கூடிய தொடர் கண்காணிப்பு மட்டும். 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. மூன்று பிரிவுகளிலும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பக்கவிளைவுகளில் வேறுபாடு இருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிறுநீர்க் கசிவும் தாம்பத்தியக் குறைபாடும் அதிகம். கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியவர்கள் அதிகம் என்றாலும் அது இறப்பைக் கூட்டவில்லை.

உடம்புக்குள் புற்று இருக்கிறது என்ற நினைப்போடு ஒருவரால் நிம்மதியாக வாழ முடியாமல் போகலாம். இன்னொருவர் ஓட்டுநர் வேலையில் இருப்பார், சிறுநீர்க் கசிவு அவர் பிழைப்பையே பாதிக்கும். இந்த இருவருக்கும் சரியான சிகிச்சை ஒன்றாக இருக்க முடியாது. மருத்துவர் ஒவ்வொரு வழியின் லாப நட்டத்தையும் எண்களோடு சொல்ல, நோயாளி தன் வாழ்க்கையை வைத்து அதை எடைபோட, இருவரும் சேர்ந்து முடிவுக்கு வருவதே இங்கு நல்ல மருத்துவம்.

நோயாளியின் வாய்ச்சொல்லே அளவுகோல்

கீமோ எடுத்துக்கொள்பவருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, விரல் நுனி மரத்துப்போதல், தீராத அசதி எல்லாம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போதுதான் வருகின்றன. மூன்று வாரம் கழித்து மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும் ஒரு நிமிடத்தில் "பரவாயில்லைங்க" என்பதே பதிலாக வரும். மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம், டாக்டர் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்ற தயக்கம், இதெல்லாம் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற எண்ணம் அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி செய்து பார்த்தார். நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேர் ஆய்வில் சேர்ந்தனர். ஒரு பிரிவினரிடம் வலி, குமட்டல், மூச்சிரைப்பு, பசியின்மை முதலிய 12 தொல்லைகளைப் பற்றிக் கணினியிலோ டேப்லெட்டிலோ தொடர்ந்து கேட்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் எந்தத் தொல்லையும் இல்லை என்பதற்கு 0 தொடங்கி, தாங்கவே முடியவில்லை என்பதற்கு 4 வரை மதிப்பெண். தொல்லை கடுமையானாலோ முன்பைவிடக் கூடினாலோ செவிலியருக்கு உடனே மின்னஞ்சல் போகும். செவிலியர் தொலைபேசியில் அழைத்து மாத்திரையை மாற்றச் சொல்வார், நேரில் வரச் சொல்வார், தேவையானால் கீமோவின் அளவைக் குறைக்க மருத்துவரிடம் பேசுவார். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு.

முடிவுகள் 2016, 2017-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. கேட்கப்பட்டவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் குறைந்தார்கள். கீமோவை அவர்களால் நீண்ட நாள் தாங்க முடிந்தது. சராசரியாக அவர்கள் உயிர்வாழ்ந்த காலம் 31.2 மாதங்கள், மற்றவர்களுக்கு 26 மாதங்கள். பின்னர் அமெரிக்காவின் 52 மருத்துவ மையங்களில் 1,191 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடியது உறுதிப்படவில்லை. ஆனால் தொல்லைகள் குறைந்து, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் மேம்பட்டது அதிலும் உறுதியானது. இந்தப் பலனைத் தந்தது புது மருந்து எதுவும் அல்ல. நோயாளி சொன்னது, அதைக் கேட்டு ஒருவர் உடனே செயல்பட்டது, அவ்வளவே.

இப்படி நோயாளியே தரும் பதில்களைப் பதிய முறையான வினாத்தாள்கள் உண்டு. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட வினாத்தாள் 1993 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. தமிழிலும் அது கிடைக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் செவிலியர் வாசித்துக் காட்டிப் பதிலைக் குறித்துக்கொள்ளலாம்.

வலிக்கு மருந்து, வாழ்வுக்குத் துணை

வலி என்பது உடம்பில் மட்டும் இல்லை என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தியவர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகவும் மருத்துவ சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்த அவர், 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கினார். புற்றுநோயாளியின் வேதனையில் உடல் நோவு, மனக்கலக்கம், குடும்பத்தைப் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு நான்கும் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றை விட்டு ஒன்றைத் தீர்க்க முடியாது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. இதிலிருந்து வளர்ந்ததே வலி தணிப்பு மற்றும் ஆதரவுச் சிகிச்சை. 1986-இல் உலக சுகாதார நிறுவனம் சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை படிப்படியாகச் செல்லும் எளிய வலி நிவாரண முறையை வெளியிட்டது.

இந்தச் சிகிச்சையை இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற கட்டத்துக்கு ஒத்திப்போடுவது பலரிடம் உள்ள பழக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தவறு என்று காட்டியது. பரவிய நிலை நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் ஒரு பாதியினருக்கு, நோய் கண்டறிந்த சில வாரங்களிலேயே வழக்கமான சிகிச்சையோடு ஆதரவுச் சிகிச்சையும் தரப்பட்டது. அவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் காலத்தில் தீவிரச் சிகிச்சைகளை அவர்கள் குறைவாகவே பெற்றார்கள். அப்படியிருந்தும் சராசரியாக 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதங்கள்.

இந்தியாவில் இதன் முன்னோடி கோழிக்கோடு. 1993-இல் அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலிய மருத்துவர்கள் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். படுக்கையில் கிடப்பவர் மருத்துவமனைக்கு வர முடியாது என்பதால் சிகிச்சை வீட்டுக்குப் போனது. மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். ஒரு செவிலியரோடு ஜீப்பில் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க வீட்டாருக்குச் சொல்லித் தருவது, மார்ஃபின் மாத்திரையை மணிக்கணக்குப்படி கொடுக்கக் கற்றுத் தருவது, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர்களின் பணி. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே.

மார்ஃபின் எளிதில் கிடைக்காதது நெடுங்காலம் பெரும் தடையாக இருந்தது. 1985-இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான உரிம விதிகளைக் கொண்டுவந்ததால் மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காக மார்ஃபின் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. இந்த உண்மை வீட்டாருக்குத் தெரியாததால், மாத்திரை கையில் இருந்தும் வலியில் துடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய், ரத்த அழுத்த மருந்துகளோடு வீட்டுக்கே வரும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டுள்ளது. இந்தச் சேவை எல்லா ஊர்களிலும் தங்குதடையின்றிக் கிடைத்தால் புற்றுநோயாளிகளின் கடைசி மாதங்கள் பெரிதும் மாறும்.

மருத்துவமனைக்குப் போகும் வழி

நல்ல சிகிச்சை இருந்தும் அது நோயாளியைச் சென்றடையாமல் போவதற்குத் தூரம், பணம், பயம், படிவங்கள் எனப் பல காரணங்கள். நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஹரோல்ட் ஃப்ரீமன், அங்கு வந்த ஏழைக் கறுப்பினப் பெண்களில் பாதிப் பேர் முற்றிய நிலையில் வருவதைக் கண்டார். 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் 39 சதவீதத்தினரே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். ஃப்ரீமன் இலவசப் பரிசோதனை முகாம்களை நடத்தினார். 1990-இல் நோயாளிக்கு ஒரு வழித்துணையையும் அமர்த்தினார். அந்த ஊர்க்காரரான அவர் பரிசோதனைத் தேதி வாங்கித் தருவார், காப்பீட்டுப் படிவத்தை நிரப்புவார், வராதவரைத் தேடிப் போவார். 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் 70 சதவீதமாக உயர்ந்தார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வும் இதே உண்மையைச் சொல்கிறது. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான வழக்கமான பரிசோதனைக்கு ஆய்வகம், நிபுணர், பல நாள் அலைச்சல் எல்லாம் வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணால் ஒரு நாள் சம்பளத்தை விட முடியும், நாலு நாள் விட முடியாது. ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமத்துக்கே போனார்கள். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், பழுதான இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அதே வருகையில் மேல் பரிசோதனையும், தேவையானவர்களுக்குக் குளிரால் உறையவைத்துப் பழுதை அகற்றும் சிகிச்சையும் தரப்பட்டன. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்கள் இந்தப் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்ட பிரிவில் அடங்குவர். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைத் திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிடுகையில் இந்த நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல புற்றுநோய்ச் சிகிச்சைகளின் செலவை ஏற்கிறது. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், பெரும்பகுதி நோயாளிகளுக்கு இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை அளித்துவருகிறது. உளவியல் ஆலோசனைக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. ஆனால் ஆறு வாரக் கதிர்வீச்சுக்கு வெளியூரிலிருந்து வருபவருக்குத் தங்குமிடம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் வேலை இழப்பு ஆகியவை காப்பீட்டுக்குள் அடங்காத பாரம். சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களிடம் காரணம் கேட்டால் இவைதான் வரும். முதல் நாளிலேயே இதைக் கேட்டறிந்து, மருத்துவ சமூகப் பணியாளர் மூலம் உதவி ஏற்பாடு செய்வதும் சிகிச்சையின் பகுதியே.

ஆராய்ச்சியில் நோயாளியின் இருக்கை

ஆராய்ச்சியில் நோயாளி நெடுங்காலம் பரிசோதனைக்கு உட்படுபவராக மட்டுமே இருந்தார். 1951-இல் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் செல்கள், அவரிடம் கேட்காமலே எடுக்கப்பட்டு உலகெங்கும் ஆய்வகங்களில் பெருக்கப்பட்டது இதற்குப் பேர்போன உதாரணம். விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுவது இன்று கட்டாயம். அதற்கு அடுத்த படி, ஆராய்ச்சியைத் திட்டமிடும் மேசையில் நோயாளிக்கு இடம் தருவது. மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் போராட்டத்தால் 1992-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் ஓர் ஆராய்ச்சி நிதித் திட்டம் உருவானது. எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்று முடிவெடுக்கும் அதன் குழுக்களில், நோயிலிருந்து மீண்டவர்கள் விஞ்ஞானிகளுக்குச் சமமான வாக்குரிமையோடு அமர்கிறார்கள். பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, நோயாளிகளும் பராமரிப்பவர்களும் மருத்துவர்களும் சேர்ந்து, விடை தெரியாத கேள்விகளில் எவை முக்கியமானவை எனப் பட்டியலிட வழிசெய்கிறது.

இந்தப் பங்கேற்பு மருந்தின் அளவு வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. கீமோ காலத்தில், உடம்பு தாங்கக்கூடிய உச்ச அளவே சரியான அளவு என்று கொள்ளப்பட்டது. இன்றைய இலக்கு மருந்துகளைப் பலர் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்குகிறார்கள். குறைந்த அளவே அதே பலன் தரும்போது, தொடர்ந்த வயிற்றுப்போக்கோடு ஏன் வாழ வேண்டும் என்று நோயாளிகள் கேட்டார்கள். 2021-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் புராஜெக்ட் ஆப்டிமஸ் என்ற திட்டத்தைத் தொடங்கி, உகந்த அளவைக் கண்டறியும்படி மருந்து நிறுவனங்களை வற்புறுத்துகிறது.

இந்திய நோயாளிகளுக்கு இந்தக் கேள்வி பணத்தோடும் பிணைந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்வாளர்கள், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சோதித்தார்கள். வழக்கமான அளவு 240 மில்லிகிராம். அவர்கள் கொடுத்தது மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், குறைந்த விலை மாத்திரைச் சிகிச்சையோடு சேர்த்து. மாத்திரை மட்டும் பெற்றவர்களில் ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 சதவீதம். இந்த மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவு இவ்வளவு பலன் தரும் என்பது, நோயாளியின் சட்டைப்பையை மனதில் வைத்து ஆய்வைத் திட்டமிட்டதால் தெரியவந்தது.

கேட்கும் உரிமை

இந்தியத் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. நோய் பற்றிய விளக்கம், மருத்துவக் குறிப்புகளின் நகல், வேறொரு மருத்துவரிடம் இரண்டாம் கருத்து, விளக்கி ஒப்புதல் பெறுதல் ஆகியவை அதில் அடக்கம். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், கடைசிக் காலத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023-இல் அதற்கான நடைமுறை எளிதாக்கப்பட்டது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சில கேள்விகளைத் தாளில் எழுதிச் செல்வது பயன் தரும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, நோயைக் கட்டுக்குள் வைப்பதா, தொல்லையைக் குறைப்பதா? வேறு வழிகள் உண்டா? பக்கவிளைவுகள் எவை, எது வந்தால் உடனே வர வேண்டும், இரவில் யாரை அழைப்பது? மொத்தச் செலவு எவ்வளவு, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும்? வலிக்கும் மனக்கலக்கத்துக்கும் இப்போதே யாரைப் பார்க்கலாம்? வீட்டார் ஒருவர் உடன் இருந்து பதில்களை எழுதிக்கொண்டால், பதற்றத்தில் மறந்துபோவதைத் தவிர்க்கலாம்.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒவ்வொரு வருகையிலும் வலியின் அளவைக் கேட்டுக் குறிப்பது, கீமோ எடுத்தவரை மூன்றாம் நாள் ஒரு செவிலியர் தொலைபேசியில் விசாரிப்பது, மோசமான செய்தியைச் சொல்ல ஒரு தனி அறையும் இருபது நிமிடமும் ஒதுக்குவது, பயணச் செலவு பற்றி முதல் நாளே கேட்பது ஆகியவற்றை ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையும் தொடங்கலாம். நோயாளி சொல்வதை நோய்க்குறிப்பில் ஸ்கேன் அறிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கும் வழக்கம் வந்துவிட்டால், மற்ற மாற்றங்களுக்கு அதுவே அடித்தளமாகும்.